பட்டியலில் ஆறாவது பெட்டி

இணையத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. என் அக்காவின் கணவர் மேடையில் காலடியில் வைத்துக்கொண்டு வாசிக்கும் பெடல்கள் எவை எவை என்று வரிசை எண் போட்டு, சிவப்பு வட்டம் போட்டு ஒரு புண்ணியவான் எழுதிவைத்தது. அதன் ஆறாவது வரியை யாராவது என் முன்னால் வாசித்தால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும். அந்த வரி எப்படி வந்தது, யாரைப் பற்றி அது வாயே திறக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அவர் வாசிக்கும் இசைக்குழுவில்தான் இருக்கிறேன். மிக்ஸர் பார்ப்பவன். மேடையில் பிறக்கும் சத்தம் அத்தனையும் என் விரல்களுக்கு அடியில் புகுந்துதான் அரங்கத்துக்குப் போகும். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது என எவனும் சொல்ல முடியாது.

மாமா பேஸ் கிட்டார் வாசிப்பவர். நான்கு தடித்த கம்பிகள். பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த சத்தம். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே, காலால் மிதித்து இயக்கும் சின்னச் சின்ன உலோகப் பெட்டிகள் இருக்கும், அவைதான் பெடல்கள். ஒன்று சத்தத்தை உறுமவைக்கும், ஒன்று எதிரொலிக்கவைக்கும், ஒன்று நீட்டி இழுக்கும். மாமாவின் பலகையில் ஆறு இருக்கின்றன. ஆறாவது ஒரு நீலப் பெட்டி. மாமாவுக்கு இன்று இருக்கும் பெயர் முழுக்க அந்த நீலப் பெட்டியை மிதித்த பிறகு வரும் சத்தத்துக்குக் கிடைத்த பெயர்தான். அந்தச் சத்தத்தைச் செய்தவள் என் அக்கா.

அக்கா காதுக் கருவி பழுதுபார்க்கிறவள். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அவளுடைய வேலையிடம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிய ஒரு மேஜை, கழுத்து வளைந்த விளக்கு, அதில் பொருத்திய பெரிய வில்லை, எறும்புக்குக் கைவிலங்கு மாட்டலாம் போன்ற இடுக்கிகள். முதலில் அங்கே அவள் வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக்கொடுக்கும் வேலையில்தான் சேர்ந்தாள். ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்த மனிதர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு இடத்துக்குப் போய்விட்டார். மேஜை நிறையக் கருவிகள் கிடந்தன. காது கேட்காமல் வந்து நிற்பவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்று நாலு நாள் கத்திச் சொல்லிப் பார்த்த அக்கா, ஐந்தாம் நாள் தானே ஒரு கருவியைத் திறந்துவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக மூடவில்லை.

அவளுக்குச் சில வழக்கங்கள் உண்டு. எதைக் கழற்றினாலும் தூக்கிப் போட மாட்டாள். செத்துப்போன சர்க்யூட்டுக்கும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இடம் உண்டு; மேலே ஒரு சீட்டு; அதில் தேதி, என்ன நோய் என்ற குறிப்பு. பேசும்போது குரலை உயர்த்தவே மாட்டாள். அங்கே வருகிறவர்கள் பாதிப் பேர் தங்களுக்குக் காது மந்தம் என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள். "என் வேலை வெளிய தெரிஞ்சிடுச்சுன்னா நான் சரியா செய்யலன்னு அர்த்தம்" என்பாள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். இந்த நல்ல குணத்தைத்தான் எல்லோரும் சேர்ந்து அவள் தலையில் மிளகாய் அரைக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். எல்லோரும் என்றால் நானும்தான்.

பதினோரு வருடம் முன்பு மாமாவை யாருக்கும் தெரியாது. தெரியாததற்குக் காரணம், அவர் வாசிப்பது யாருக்கும் கேட்காது. எங்களுக்குக் கிடைத்த அரங்கங்களில் இருந்த ஸ்பீக்கர்கள் தகர டப்பாக்கள். கனத்த சத்தம் அவற்றின் வாயிலேயே நுழையாது. நான் ஏற்றிக் கொடுத்தால் மேஜை நாற்காலி அதிருமே தவிர சுருதி தெரியாது. ஒருநாள் எங்கள் குழுவின் பாடகர் எல்லோர் முன்னாலும் மாமாவைப் பார்த்து, "நீங்க வாசிக்கிறீங்களா, இல்ல அது விழுந்துடாம பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து மாமா மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா அவரிடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. என்னிடம்தான் கேட்டாள்.

"டேய், காது மிஷின்ல இருக்கிற ஸ்பீக்கர் அரிசி அளவுதான். கட்டைக் குரல் அதுல வரவே வராது. ஆனா எங்கிட்ட வர்றவங்க, தன் அண்ணன் குரல், வீட்டுக்காரர் குரல்னு கண்டுபிடிச்சிடுறாங்க. எப்படின்னு யோசிச்சியா?"

"எப்படி?"

"கட்டைக் குரலோட கூடவே மெல்லிசா சில சத்தம் மேல வரும். அது காதுல விழுந்தா போதும். அடியில இருக்க வேண்டியத காது தானே போட்டுக்கும். உங்க மாமா கிட்டார்ல அந்த மேல் சத்தம் பத்தல, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றாள், நாலு மாதம் ஆயிற்று. வேலை முடிந்து வந்து, சமையலறையை அடுத்த சின்ன அறையில், துணி மடித்து வைக்கும் மேஜையின் ஒரு பாதியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கம்பியிலிருந்து வரும் சத்தத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தொடாமல் அப்படியே விட்டு, இன்னொன்றை மட்டும் லேசாகக் கரகரக்கவைத்து, கடைசியில் இரண்டையும் சேர்த்தாள். மிதித்தால் தாங்கும் பெட்டி ஒன்று வேண்டியிருந்தது. மாமாவிடம் பேர்பெற்ற கம்பெனி ஒன்றின் பழைய நீலப் பெடல் செத்துக் கிடந்தது. அதன் குடலை உருவி வழக்கம்போல் டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்டிவிட்டு, தன் சர்க்யூட்டை உள்ளே வைத்தாள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலே மூன்று திருகுகள். ஒயர் எட்டிய இடத்தில் எட்டியதை இணைத்தாள். அதனால் 'வால்யூம்' என்று அச்சடித்திருந்த முதல் திருகு அவள் கணக்கில் வேறு வேலை செய்தது. அதைப் பூஜ்ஜியத்தில் விட்டுவிடுவதுதான் சரி. உண்மையான வால்யூம் மூன்றாவது திருகு. மாமா குழம்பாமல் இருக்க, எது எங்கே நிற்க வேண்டும் என்று நகப்பூச்சால் புள்ளி வைத்துக் கொடுத்தாள்.

முதல் நாள் அதை மாமா மிதித்தபோது நான் மிக்ஸரிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அதே தகர ஸ்பீக்கரில், கடைசி வரிசைவரை, ஒவ்வொரு ஸ்வரமும் கால் வைத்து நடந்து போயிற்று. பாடகர் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து மாமாவுக்கு ஏறுமுகம். பெரிய அரங்கம், பெரிய குழு, வெளியூர்ப் பயணம். அக்காவுக்கு என்ன? நாலு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து தூசி தட்டும் வேலை.

இப்போது பட்டியல்காரருக்கு வருகிறேன். நாங்கள் அவரைப் பூதக்கண்ணாடி என்போம். நாற்பது வயது ஆள். பகலில் பல் ஆய்வகத்தில் கட்டுப் பல்லுக்கு நிறம் பொருத்துகிறவர். எந்தக் கச்சேரியானாலும் முதல் வரிசையில் நீண்ட லென்ஸோடு வந்து உட்கார்ந்து, வாசிப்பவர்களின் பாதங்களை மட்டும் படம் பிடிப்பார். வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கி, திருகின் வடிவம், விளக்கின் நிறம், ஆணி இருக்கும் இடம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்து, இது இன்ன கம்பெனியின் இன்ன வருடத்துப் பெடல் என்று அறிவிப்பார். ஆயிரக்கணக்கான பேஸ்காரர்கள் அதைப் படித்து அதையே வாங்குவார்கள்.

மாமாவின் பலகையில் மொத்தம் ஏழு என்று எழுதினார் மகானுபாவர். ஏழாவது, "இன்னும் சந்தைக்கு வராத கறுப்பு நிற மாதிரி, திருகுகளே இல்லாத புரட்சிகரமான வடிவமைப்பு." அது பலகை நழுவாமல் இருக்க நான் முட்டுக்கொடுத்த கதவுக்கட்டை. சிரித்துத் தொலைக்கலாம். ஆறாவதுதான் சிரிக்கவிடவில்லை: அந்தக் கம்பெனியின் பெயர், மாடல் எண், தயாரித்த வருடம். கீழே ஒரு குறிப்பு: "ரகசியம் இதுதான். வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்து வாசிக்கிறார்."

ஊரிலுள்ள பேஸ்காரர்கள் எல்லாம் பழைய நீலப் பெடலைத் தேடி வாங்கி, வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்து வாசித்தார்கள். பூஜ்ஜியத்தில் வைத்தால் என்ன கேட்கும்? ஒரு மண்ணும் கேட்காது. ஆனால் பட்டியலுக்குக் கீழே எழுதினார்களே பாருங்கள்! "சத்தம் வரவில்லை, ஆனால் நெஞ்சில் ஏதோ இறங்குகிறது" என்றான் ஒருவன். "வெறுமையை வாசிக்கிறார்" என்றான் இன்னொருவன். நான் மண்டையில் அடித்துக்கொண்டு அக்காவிடம் காட்டினேன். அவள் வில்லையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாவம், யாராவது சொல்லக் கூடாதா?" என்றாள்.

பூதக்கண்ணாடி ஆள் நாணயமானவர். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் பூஜ்ஜியம் அவரையே உறுத்தியிருக்கிறது. நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். நானும் இருந்தேன். அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"சார், வால்யூம் பூஜ்ஜியத்துல இருந்தா சத்தமே வரக் கூடாதே. உங்களுக்கு மட்டும் எப்படி வருது?"

மாமா சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அதெல்லாம் பெட்டியில இல்லைங்க. விரல்ல இருக்கு."

எழுதிக்கொண்டார். பிறகு திறந்திருந்த கதவு வழியாகச் சின்ன அறையின் மேஜையைப் பார்த்தார். ஈயக் கம்பி, சூட்டுக்கோல், அடுக்கிவைத்த டப்பாக்கள். "அடேயப்பா, ரிப்பேரும் நீங்களேதான் பண்ணுவீங்களா சார்?"

மாமா சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், அடக்கமானவர் போல ஒரு சிரிப்பு. பொய் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. அக்கா காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானாவது வாயைத் திறந்திருக்கலாம். அவர் அக்கா புருஷன், வீட்டுக்கு வந்த ஆள் முன்னால் மானத்தை வாங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். என்ன பெரிய மானம்!

அத்தோடு போயிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இரண்டு மாதம் கழித்து அந்த நீலப் பெடல் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பட்டியலைப் பார்த்தார்களாம். தங்கள் பழைய மாடல் மாமாவின் காலடியில் வயதாகி, முதிர்ந்து, அபூர்வமான குணம் பெற்றுவிட்டதாம். அதைத் தங்கள் பொறியாளர்கள் திறந்து, அளந்து, அப்படியே புதிதாகத் தயாரித்து, மாமாவின் கையெழுத்தோடு வெளியிடப் போகிறார்களாம். மேடை போட்டு விழா. மாமா அதில் வாசித்துக் காட்டிவிட்டுப் பெட்டியை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். மாமா அன்றைக்கே சரி என்று பதில் போட்டுவிட்டார். அக்காவுக்கு விஷயம் தெரிந்தது நான்காம் நாள், நான் சொல்லி.

சாப்பாட்டு மேஜையில் அவள் கேட்டாள். "பெட்டிய திறந்து எதைங்க அளப்பாங்க?"

"உள்ள இருக்கிறத."

"உள்ள என்ன இருக்குன்னு சொன்னீங்களா?"

"அதைச் சொன்னா குழப்பம்தான் வரும். அவங்க பெட்டின்னு நெனச்சுத்தான் கூப்பிடறாங்க. நீ பண்ணதுன்னு தெரிஞ்சா எவன் கூப்பிடுவான்?"

"அப்ப நான் பண்ணேன்னு சொல்ல மாட்டீங்க. ஆனா நான் பண்ணத எடுத்துக் குடுப்பீங்க."

"வீட்டுக்குள்ள என்ன உன்னுது, என்னுது? எனக்கு வர்ற பேரு உனக்கும்தானே?"

"எனக்கா?" என்றாள் அக்கா. கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தேடிப் பார்ப்பவள் போலக் கேட்டாள்.

அவர் கை கழுவப் போய்விட்டார். அக்கா அவர் தட்டை எடுத்துத் தன் தட்டின் மேல் வைத்தாள். பிறகு என்னிடம், "ஊருக்குத் தெரியணும்னு நான் எப்பவாவது கேட்டேனாடா? அவருக்குத் தெரிஞ்சா போதும்னு இருந்தேன். அவரே மறந்துட்டாரு" என்றாள். அவள் அழுததை நான் பார்த்தது வாழ்க்கையில் மூன்று முறை. அது மூன்றாவது.

விழா அன்று காலை சாமான் ஏற்ற வண்டியோடு போனேன். மாமா குளித்துக்கொண்டிருந்தார். அக்கா தன் மேஜையில் நீலப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அடித் தகட்டின் நாலாவது ஆணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. மேலே சீட்டு: கம்பெனிப் பெயர், பதினோரு வருடம் முந்தைய தேதி, 'பவர் வரவில்லை'. மேஜையின் மறு கோடியில், மடித்த துணியின் மேல், அவளுடைய சர்க்யூட் இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. "அக்கா..."

"அவங்க பெட்டி, அவங்க குடல். ஒரே ஒரு பாகம்தான் போயிருந்தது, மாத்திட்டேன். புதுசு மாதிரி வேலை செய்யுது" என்றாள். "ரிப்பேர் பண்ணாம திருப்பிக் குடுக்கிற பழக்கம் எனக்கு இல்ல."

திருகுகளை நகப்பூச்சுப் புள்ளிக்கு நேராக நிறுத்தி, பெட்டியைத் துடைத்துப் பையில் வைத்துத் தந்தாள். பிறகு புடவை மாற்றிக்கொண்டு எங்களோடு வண்டியில் ஏறினாள். அவள் மாமாவின் நிகழ்ச்சிக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மாமா சந்தோஷப்பட்டார். சமாதானம் ஆகிவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

கம்பெனிக்காரர்கள் பெட்டியை வாங்கி மேடையில் மாமாவின் காலருகே ஒரு தாழ்ந்த பீடத்தில் வைத்து, கேபிளை மாட்டி, பட்டுத் துணியால் மூடிவிட்டார்கள். விழா நேரம்வரை யாரும் தொடக் கூடாதாம். ஒத்திகை அது இல்லாமலேயே நடந்தது. மதியம் மூன்று மணிக்கு அரங்கம் நிறைந்தது. அத்தனையும் பேஸ்காரர்கள். பூதக்கண்ணாடி முதல் வரிசை. அக்கா மூன்றாவது வரிசை ஓரம், மடியில் கைப்பை. கம்பெனி மேலாளர் ஒலிபெருக்கியில் தங்கள் பெட்டியின் முதிர்ச்சியைப் பற்றி அள்ளிவிட்டார். பிறகு துணியை விலக்கினார். கைதட்டல்.

மாமா சட்டையில் குத்திய மைக்கில் நன்றி சொன்னார். குனிந்து திருகுகளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, ஓங்கி மிதித்துவிட்டு, வாசிக்கத் தொடங்கினார்.

ஒன்றும் வரவில்லை. விரல்கள் ஓடின, கம்பிகள் அதிர்ந்தன, ஸ்பீக்கரில் மூச்சுப்பேச்சு இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், அரங்கத்தில் முப்பது பேராவது கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி மேலாளரும் ஆட்டினார். இவர்களுக்காகவா என் அக்கா நாலு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள்!

மாமா மட்டும் கண்ணைத் திறந்துவிட்டார். என்ன இருந்தாலும் காது உள்ள மனிதர். கம்பியை இன்னும் ஓங்கிச் சுண்டினார். கேபிளை அசைத்தார். என்னைப் பார்த்தார், நான் இரண்டு கையையும் விரித்தேன். அப்போது முதல் வரிசையிலிருந்து பூதக்கண்ணாடி எழுந்து நின்று, தயங்கித் தயங்கி, "சார்... வால்யூம் பூஜ்ஜியத்துல இருக்கு" என்றார்.

மாமா குனிந்து அந்தத் திருகைத் திருப்பினார். சத்தம் வந்தது. குப்பென்று, மேஜை நாற்காலியை ஆட்டுகிற, சுருதி தெரியாத அந்தப் பழைய சத்தம். பாடகர் கேலி செய்த காலத்துச் சத்தம். அவர் கை அப்படியே நின்றது. பெட்டியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வரிசை வரிசையாகத் தேடி, அக்காவைக் கண்டுபிடித்தார். எங்கே நிற்கிறோம், யார் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த நொடியில் அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

"நீ பண்ணது எங்க?" என்றார்.

சட்டை மைக் அதை வாங்கி அரங்கத்தின் நாலு சுவருக்கும் கொடுத்தது. அந்த நேரத்தில் அந்த மைக்கை அணைத்திருக்க வேண்டியது என் தொழில். என் விரல் அதன் மேல்தான் இருந்தது. நான் அணைக்கவில்லை.

அக்கா எழுந்திருக்கவில்லை. எப்போதும்போல் குரலை உயர்த்தவும் இல்லை. ஆனால் அரங்கம் முழுக்க அவள் பக்கம் திரும்பியிருந்தது, எல்லோருக்கும் கேட்டது.

"வீட்ல இருக்கு. என் மேஜை மேல."

"அது இல்லாம நான் எப்படி வாசிக்கிறது?"

"விரல்ல இருக்குன்னு சொன்னீங்களே."

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். மேலாளர் பட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பூதக்கண்ணாடி தன் கேமராவை நாற்காலியில் வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்றாவது வரிசைக்கு நடந்து போய், அக்காவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். "மேடம், முதல்லேர்ந்து சொல்லுங்க" என்று அவர் கேட்பது எனக்கே கேட்டது.

மாமா இன்னும் மேடையில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மூச்சு அரங்கம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அதை எல்லோரும் கொஞ்ச நேரம் கேட்கட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம்தான் மைக்கை அணைத்தேன்.